பட்டியலைப் படித்துவிட்டு ‘ஒய்’ தட்டுங்கள்: டெபியன், உபுண்டுவில் பேக்கேஜ் சார்புகளைச் சமாளிப்பது எப்படி?

உபுண்டு போட்டாயிற்று, வைஃபை கிடைத்துவிட்டது, பிரவுசரும் திறக்கிறது. அடுத்து ஏதோ ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்யப் போகும்போதுதான் ‘அன்மெட் டிபெண்டன்சிஸ்’ (வேண்டிய துணை மென்பொருள்கள் கிடைக்கவில்லை) என்று தொடங்கி ஏழெட்டு வரி வந்து விழும். உடனே அந்த வரியைக் கூகுளில் போட்டு, முதலில் கிடைத்த கட்டளையை ஒட்டி, அது சரிப்படாமல் இரண்டாவதை ஒட்டி, அரைமணி நேரத்தில் கணினி முன்னைவிட மோசமாகியிருக்கும். இத்தனைக்கும் என்ன கோளாறு என்பது அந்த ஏழெட்டு வரிக்குள்ளேயே இருந்திருக்கும். யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

இது டெபியன், உபுண்டு, அவற்றை ஒட்டி வந்த மற்ற லினக்ஸ்களுக்கான வழிகாட்டி. கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் அதே சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். ஆப்ட் என்பது ஏ, பி, டி (apt) என்ற மூன்று எழுத்து. முன்னால் வரும் சூடோ, நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று சொல்வது.

ஒன்றைக் கேட்டால் ஏன் நாலு வருகிறது?

தமிழில் தட்டச்ச விரும்பும் பலரும் முதலில் போடுவது ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜ். பேக்கேஜ் என்றால் இன்ஸ்டால் செய்யத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதி. தமிழ்99, ஃபொனெட்டிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் என்று எல்லா விசைப்பலகைகளும் அதன் வழியாகக் கிடைக்கும்.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என்

நீங்கள் கேட்டது ஒன்று. ஆனால் கூடவே எம்17என் லைப்ரரி (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பு), எம்17என்-டிபி என்ற தரவுத் தொகுப்பு, ஓப்பன்டைப் எழுத்துருக்களைக் கையாளும் ஒரு லைப்ரரி என்று வரிசையாக வரும். விசைப்பலகை அமைப்புகள் உண்மையில் இருப்பது அந்த எம்17என்-டிபியில்தான். ஐபஸ்-எம்17என் அதைப் படித்து, தட்டச்சைக் கவனிக்கும் ஐபஸுக்கு எடுத்துக் கொடுக்கும் இடைத்தரகர் மட்டுமே. பின்னால் இருப்பது இல்லாமல் முன்னால் இருப்பதால் பயனில்லை. இந்த உறவுக்குத்தான் சார்பு என்று பெயர்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். விண்டோஸில் பல மென்பொருள்கள் அப்படித்தான் வருகின்றன. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளியே வந்தபோது இதன் அருமை தெரிந்தது. டெபியன் கணினியில் வெப் செர்வரும் மெயில் செர்வரும் இன்னும் பலதும் அந்த லைப்ரரியின் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொண்டிருந்தன. அந்த ஒரு பேக்கேஜைப் புதுப்பித்து, அதைப் பயன்படுத்தும் சேவைகளை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் ஓட்டை அடைபட்டது. தனித்தனி மூட்டையாக இருந்திருந்தால் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துச் சரிசெய்திருக்க வேண்டும்.

இந்தப் பகிர்வின் விலைதான் சார்புச் சிக்கல். ஒரு லைப்ரரி மாறினால் அதை நம்பியிருக்கும் எல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

டிபிகேஜியும் ஆப்ட்டும்

இரண்டு கருவிகள் அடுக்கடுக்காக வேலை செய்கின்றன. கீழே இருப்பது டிபிகேஜி. கையில் இருக்கும் டெப் கோப்பை, அதாவது பேக்கேஜ் கோப்பைப் பிரித்து வைப்பது, எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பது அதன் வேலை. ஒரு சார்பு இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்லும், போய் எடுத்து வராது. அந்த வேலைக்கு வந்ததுதான் ஆப்ட். 1999-இல் வந்த டெபியன் 2.1-இல் அது அதிகாரப்பூர்வமாகச் சேர்ந்தது. அதற்கு முன் டிசெலக்ட் என்ற கருவியோடு மல்லுக்கட்டியவர்கள் இன்னும் அதை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: பட்டியலைப் புதுப்பித்தல்

சூடோ ஆப்ட் அப்டேட்

இது எந்த மென்பொருளையும் மாற்றாது. களஞ்சியத்தில், அதாவது பேக்கேஜ்களை வைத்திருக்கும் இணையச் சேமிப்பில், இப்போது என்னென்ன பதிப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் இறக்கும். பட்டியல் பழையதாக இருந்தால், களஞ்சியத்திலிருந்து எப்போதோ எடுத்துவிட்ட கோப்பை ஆப்ட் தேடிப்போய் 404 (கோப்பு இல்லை) என்று திரும்பி வரும். புதியவர்கள் சொல்லும் ‘இன்ஸ்டால் ஆகவில்லை’ புகாரில் கணிசமானது இந்த ஒரு கட்டளையோடு முடிந்துவிடும்.

ஆப்ட் அப்கிரேட் என்பது வேறு. அது இருப்பவற்றைப் புதுப்பிக்கும், தேவைப்பட்டால் புதிதாகச் சிலவற்றைச் சேர்க்கும், எதையும் நீக்காது. ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் தேவைப்பட்டால் நீக்கவும் செய்யும். அன்றாடத்துக்கு முதலாவது போதும்.

இரண்டாம் படி: போடுவதற்கு முன் விசாரித்தல்

ஆப்ட் ஷோ ஐபஸ்-எம்17என்

வரும் வரிகளில் நான்கைக் கவனியுங்கள். டிபெண்ட்ஸ் என்றால் இது இல்லாமல் நடக்காது. ரெகமண்ட்ஸ் என்றால் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படும். சஜஸ்ட்ஸ் என்றால் இருந்தால் நல்லது. கான்ஃப்ளிக்ட்ஸ் அல்லது பிரேக்ஸ் என்று இருந்தால் அந்தப் பேக்கேஜும் இதுவும் ஒரே வீட்டில் இருக்காது.

ஆப்ட் வழக்கமாக டிபெண்ட்ஸ், ரெகமண்ட்ஸ் இரண்டையும் போட்டுவிடும். சஜஸ்ட்ஸை விட்டுவிடும். டெஸ்க்டாப்பில் இதை மாற்ற வேண்டாம். ரெகமண்ட்ஸை நிறுத்திவிட்டு, பிறகு படம் தெரியவில்லை, ஒலி கேட்கவில்லை என்று தேடிக்கொண்டிருப்பதில் லாபமில்லை. சின்ன செர்வர் என்றால் கதை வேறு. பல வன்தட்டுகளை ரெய்டாக, அதாவது ஒரே தொகுப்பாகச் சேர்க்கும் எம்டிஅட்ம் என்ற பேக்கேஜைப் போட்டால், தட்டு பழுதானால் மெயில் அனுப்ப வேண்டுமே என்று ஒரு மெயில் செர்வரையே ரெகமண்ட்ஸ் வழியாக இழுத்து வரும். டெபியனில் எக்ஸிம் வரும். வேண்டாம் என்றால்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --நோ-இன்ஸ்டால்-ரெகமண்ட்ஸ் எம்டிஅட்ம்

மூன்றாம் படி: ஒத்திகை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். ஆப்ட்டோடு -எஸ் சேர்த்தால் எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். சூடோகூட வேண்டாம்.

இப்போதே முயன்று பார்க்க ஓர் உதாரணம். உங்கள் உபுண்டு டெஸ்க்டாப்பில் லிப்தாய்0 என்று ஒரு பேக்கேஜ் இருக்கும். தாய்லாந்து மொழிக்கான லைப்ரரி. அந்த மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை, அதனால் வரியை எங்கே உடைப்பது என்று கணக்கிட்டுச் சொல்ல அது வேண்டும். நமக்கும் தாய்லாந்து மொழிக்கும் என்ன சம்பந்தம், தூக்கிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். ஒத்திகை பாருங்கள்:

ஆப்ட் ரிமூவ் -எஸ் லிப்தாய்0

திரை நிறைய ஒரு பட்டியல் வரும். டெஸ்க்டாப்பையே காட்டும் க்னோம் ஷெல் போகும், கோப்புகளைத் திறக்கும் நாட்டிலஸ் போகும், சாளரம், பொத்தான் வரையும் ஜிடிகே லைப்ரரியில் எழுதிய எதுவும் மிஞ்சாது. மொத்த டெஸ்க்டாப்பும் மூட்டை கட்டிவிடும்! ஏன் என்று ஆப்ட்டிடமே கேட்கலாம்:

ஆப்ட் ஆர்டிபெண்ட்ஸ் --இன்ஸ்டால்ட் லிப்தாய்0

இது தலைகீழ்க் கேள்வி. லிப்தாய்0-ஐ நம்பியிருப்பவர் யார் யார்? பதிலில் லிப்பாங்கோ-1.0-0 என்று ஒன்று இருக்கும். பாங்கோ என்பது திரையில் எழுத்தை வரிசைப்படுத்தி வைக்கும் லைப்ரரி. இந்த வரியைத் தமிழில் திரைக்குக் கொண்டுவருவதிலும் அதற்குப் பங்குண்டு. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாங்கோ, அதில் தாய்லாந்து மொழிக்கான பகுதிக்கு லிப்தாய் வேண்டும். பாங்கோவை ஜிடிகே நம்பியிருக்கிறது, ஜிடிகேயை டெஸ்க்டாப் நம்பியிருக்கிறது. நாம் நீக்க நினைத்தது சில நூறு கிலோபைட் பெறாத ஒரு மூலைக் கல். மேலே நிற்பது மொத்தக் கட்டடம்.

அதனால் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று லிப் என்று தொடங்கும் பேக்கேஜ்களைக் கையால் நீக்கப் போகாதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, வருகிறேன்.

நான்காம் படி: ‘ஒய்’ தட்டுவதற்கு முன்

ஆப்ட் ஒவ்வொரு முறையும் ஒரு பட்டியல் காட்டி, தொடரவா என்று கேட்கும். அதில் முதலில் தேட வேண்டியது ‘ரிமூவ்ட்’ அல்லது ‘ரிமூவிங்’ என்ற தலைப்பு. டெபியன் 13-இல் வரும் ஆப்ட் 3.0 இதைச் சிவப்பில் காட்டுகிறது, பழையவற்றில் வண்ணம் இல்லை. ஒரு மென்பொருளைப் போடத்தான் சொன்னீர்கள், ஆனால் நீக்கும் பட்டியலில் நாலு பேர் நிற்கிறார்கள் என்றால் ‘என்’ தட்டி நிறுத்துங்கள். அங்கே ஏதோ முரண் இருக்கிறது, யாரையோ வெளியேற்றி அதைத் தீர்க்க ஆப்ட் பார்க்கிறது.

2021 நவம்பரில் இது உலகமே பார்க்க நடந்தது. யூடியூபில் கணினிகளைப் பற்றிப் பேசும் லைனஸ் செபாஸ்டியன் (லினக்ஸை எழுதிய லினஸ் வேறு, இவர் வேறு) பாப்!_ஓஎஸ் என்ற, உபுண்டுவை ஒட்டிய லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளைப் போடப் போனார். வரைகலைக் கடை மறுத்துவிட்டது. டெர்மினலுக்கு வந்தார். அப்போது களஞ்சியத்தில் இருந்த ஒரு பதிப்பு முரணால், ஸ்டீமைப் போட வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. எச்சரிக்கையும் தந்தது, ‘யெஸ், டூ ஆஸ் ஐ சே!’ என்று முழு வாக்கியத்தையும் தட்டினால்தான் தொடர்வேன் என்றது. அவர் தட்டினார். டெஸ்க்டாப் போயிற்று.

பழி யார்மேல் என்று அப்போது பெரிய சண்டை. என் கணக்கில் இரண்டு பக்கமும் தவறு இருந்தது. ஒரு சாதாரண மென்பொருளைப் போடப் போகிறவரை அந்த இடம்வரை கூட்டிச் சென்றது கருவியின் தவறு. அதன்பின் ஆப்ட்டைத் திருத்தினார்கள், அத்தியாவசியமான பேக்கேஜ்களை இப்போது அவ்வளவு எளிதாக நீக்க முடியாது. ஆனால் டெஸ்க்டாப் ‘அத்தியாவசியம்’ என்ற முத்திரையோடு எல்லா லினக்ஸிலும் வருவதில்லை. எனவே பட்டியலைப் படிக்கும் பொறுப்பு உங்களுடையதுதான்.

இதனால்தான், இணையத்தில் பார்த்து ஒட்டும் கட்டளைகளில் -ஒய் என்று இருந்தால் அதை எடுத்துவிட்டுத் தட்டச் சொல்கிறேன். ‘எதைக் கேட்டாலும் ஆமாம்’ என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் வெற்றுக் காசோலை அது.

ஐந்தாம் படி: சுத்தம் செய்தல்

ஆப்ட் ஒவ்வொரு பேக்கேஜின் மேலும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது: நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டதா, சார்பாகக் கூட வந்ததா. முதலாவது மேனுவல், இரண்டாவது ஆட்டோ. கேட்டதை நீக்கிவிட்டால், அதற்காகக் கூட வந்தவை வேறு யாருக்கும் தேவைப்படாமல் நிற்கும். அவற்றை வெளியேற்ற:

சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்

பழைய கெர்னல்களும் (லினக்ஸின் மையப் பகுதி) இதில்தான் போகும். அவை இருக்கும் /பூட் என்ற வட்டுப் பகுதி நிரம்பி அப்டேட் நின்றுவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை ஆப்ட் தொடாது.

இங்கேயும் பட்டியலைப் படிக்க வேண்டும். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒன்று எப்போதோ வேறொன்றின் சார்பாக வந்திருக்கலாம். அது போகும் பட்டியலில் தெரிந்தால், ‘இது எனக்கு வேண்டும்’ என்று பதிந்துவிடுங்கள்:

சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல் பேக்கேஜ்-பெயர்

ஆறாம் படி: இறக்கி வந்த டெப் கோப்பு

சில மென்பொருள்கள் களஞ்சியத்தில் இருக்காது. நிறுவனத்தின் தளத்திலிருந்து டெப் கோப்பாக இறக்க வேண்டும். பழைய வழிகாட்டிகள் டிபிகேஜி -ஐ என்று போடச் சொல்லும். அது சார்பு இல்லாமல் பாதியில் நிற்கும், அப்புறம் இன்னொரு கட்டளை போட்டு மீட்க வேண்டும். இப்போது அது தேவையில்லை:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./கோப்பின்-பெயர்.டெப்

முன்னால் இருக்கும் புள்ளியும் சாய்கோடும் முக்கியம். அவை இல்லையென்றால் களஞ்சியத்தில் அந்தப் பெயரில் பேக்கேஜ் இருக்கிறதா என்று ஆப்ட் தேடப் போய்விடும். புள்ளியும் சாய்கோடும் இருந்தால், இந்த அடைவில் (ஃபோல்டரில்) இருக்கும் கோப்பு என்று புரிந்துகொண்டு, சார்புகளைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து வரும்.

ஏழாம் படி: திட்டு விழும்போது

பிழைச் செய்திகளில் மூன்று ரகம் அடிக்கடி வரும்.

முதல் ரகம், கேட்ட லைப்ரரியே களஞ்சியத்தில் இல்லை. ‘டிபெண்ட்ஸ்: லிப்எஸ்எஸ்எல்1.1 பட் இட் இஸ் நாட் இன்ஸ்டாலபிள்’ என்பது உபுண்டு 22.04 வந்த புதிதில் பலரையும் படுத்திய வரி. அந்த வெளியீட்டில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறிவிட்டார்கள். பேக்கேஜின் பெயர் லிப்எஸ்எஸ்எல்3 ஆனது. பெயரிலேயே எண் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1.1-ஐ நினைத்துக் கட்டிய புரோகிராம் 3-ஐ வைத்து ஓடாது, உள் அமைப்பு அந்த அளவு மாறிவிட்டது. ஆக, பழைய டெப் கோப்பு இனி இல்லாத ஒன்றைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

இதற்கு இணையம் தரும் வைத்தியம், பழைய உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து லிப்எஸ்எஸ்எல்1.1-ஐ இறக்கிப் போடுவது. வேலை செய்யும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. குறியாக்கத்தைக் கவனிக்கும் லைப்ரரி, உங்கள் களஞ்சியத்திலிருந்து எந்த அப்டேட்டும் வராமல், காலம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருக்கும். நான் செய்யமாட்டேன். அந்த மென்பொருளின் புதிய டெப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் ஃபிளாட்பேக்காகவோ ஸ்னாப்பாகவோ கிடைக்கிறதா என்று பாருங்கள். அவை தமக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தனியாக வைத்துக்கொள்பவை. இடம் அதிகம் பிடிக்கும், ஆனால் மற்றவற்றோடு மோதாது.

இரண்டாம் ரகம், பெயர் மாறிப்போனது. உபுண்டு 24.04-இல் பழைய வழிகாட்டி ஒன்றைப் பார்த்து லிப்ஏசவுண்ட்2 கேட்டால், அது ‘விர்ச்சுவல் பேக்கேஜ்’, போடுவதற்கு எதுவும் இல்லை என்று சொல்லும். கொஞ்சம் மேலே பார்த்தால் லிப்ஏசவுண்ட்2டி64 என்று பதிலும் இருக்கும். 32 பிட் கணினிகளில் காலத்தை எண்ணும் எண் 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும். அதைத் தவிர்க்கக் காலத்தை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். மாற்றம் தொட்ட லைப்ரரிகளுக்கெல்லாம் பெயருக்குப் பின்னால் டி64 ஒட்டிவிட்டது. டெபியன் 13-இலும் இதே கதைதான். எனவே பழைய கட்டளையில் ஒரு லைப்ரரி கிடைக்கவில்லை என்றால், பெயரோடு டி64 சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாம் ரகம்தான் தலைவலி: ‘யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்’. பலமுறை அங்கே யாரும் எதையும் பிடித்து வைத்திருக்கமாட்டார்கள். ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் என்று தட்டிப் பாருங்கள், காலியாக இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். வழி இதுதான்: எந்தச் சார்பு கிடைக்கவில்லை என்று செய்தி சொல்கிறதோ, அதையே பெயர் சொல்லி இன்ஸ்டால் செய்ய முயலுங்கள். இப்போது அது ஏன் முடியாது என்று அடுத்த அடுக்கைக் காட்டும். அதையும் கேளுங்கள். இரண்டு மூன்று அடுக்கு இறங்கினால் உண்மையான முடிச்சு கைக்குக் கிடைக்கும்.

உதாரணமாக, ஏதோ ஒன்றை மூலநிரலிலிருந்து கட்ட இசட்லிப்1ஜி-டெவ் தேவைப்படுகிறது. போட்டால், இசட்லிப்1ஜி-யின் 1:1.2.11.டிஎஃப்எஸ்ஜி-2உபுண்டு9 பதிப்பு வேண்டும், ஆனால் 2உபுண்டு9.2 பதிப்பு போடப்படும் என்கிறது. புதியது இருக்கும்போது பழையதை ஏன் கேட்கிறது? டெவ் என்று முடியும் பேக்கேஜ்கள் தம் லைப்ரரியின் அதே பதிப்பைத்தான் ஏற்கும், ஒரு புள்ளி கூடினாலும் ஒப்பாது. இப்போது:

ஆப்ட் பாலிசி இசட்லிப்1ஜி

கணினியில் இருப்பது என்ன, களஞ்சியம் தர முடிவது என்ன, அது எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று மூன்றும் தெரியும். இருப்பது 9.2, பதிப்புப் பட்டியலில் அதற்கு நேரே களஞ்சிய முகவரி எதுவும் இல்லை, களஞ்சியம் 9-ஐ மட்டுமே தருகிறது என்றால் கோளாறு பிடிபட்டது. உபுண்டுவைப் போட்டபோது அப்டேட்ஸ், செக்யூரிட்டி களஞ்சியங்கள் இருந்திருக்கின்றன, பின்னால் யாரோ அவற்றை நீக்கியிருக்கிறார்கள். /ஈடிசி/ஆப்ட் அடைவில் சோர்சஸ் கோப்புகளைத் திறந்து அவற்றைத் திரும்பச் சேர்த்து, ஆப்ட் அப்டேட் கொடுத்தால் தீர்ந்தது.

இதே அறிகுறி, பிபிஏ என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டுப் பின் அதை நீக்கியவர்களுக்கும் வரும். அங்கிருந்து வந்த புதிய பதிப்புகள் கணினியிலேயே தங்கிவிடுகின்றன, வந்த வழி மட்டும் அடைபட்டுவிட்டது. பிபிஏ-பர்ஜ் என்ற கருவி களஞ்சியத்தையும் நீக்கி, அதன் பேக்கேஜ்களை உபுண்டுவின் பதிப்புக்கே திருப்பும்.

டெபியன்காரர்கள் இதில் இன்னும் கறார். ஸ்டேபிள் என்ற நிலையான வெளியீட்டில், இன்னும் சோதனையில் இருக்கும் டெஸ்டிங் களஞ்சியத்தையோ உபுண்டு பிபிஏவையோ கலந்து ஓட்டும் கணினிக்கு ‘ஃபிராங்கன்டெபியன்’ என்று பட்டமே வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கணினியோடு உதவி கேட்டுப் போனால், முதலில் அதைப் பிரித்துவிட்டு வா என்பார்கள். நியாயம்தான். ஸ்டேபிளுக்காகவே கட்டிய புதிய பதிப்புகள் வேண்டுமென்றால் பேக்போர்ட்ஸ் என்று அதிகாரப்பூர்வக் களஞ்சியமே இருக்கிறது.

பூட்டும் பாதியில் நின்றதும்

‘குட் நாட் கெட் லாக்’ என்று வந்தால், இன்னொரு ஆப்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கணினியை இப்போதுதான் போட்டிருந்தால் அது பெரும்பாலும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ், பாதுகாப்பு அப்டேட்களைத் தானாகப் போடும் சேவை. ஐந்து பத்து நிமிடம் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். லாக் கோப்பை அழித்துவிடு என்று அறிவுரை சொல்பவர்களைக் கேட்காதீர்கள். இரண்டு ஆப்ட்கள் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஒரே நேரத்தில் எழுதாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு.

இன்ஸ்டால் நடுவில் கரண்ட் போய்விட்டால், கணினி திரும்ப வந்ததும் இந்த வரிசையில் கொடுங்கள்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

முதலாவது பிரித்துப் பாதியில் விட்டவற்றை முடிக்கும். இரண்டாவது விட்டுப்போன சார்புகளை எடுத்து வரும், ஆனால் அதற்காக எதையாவது நீக்கவும் அது தயங்காது. நான்காம் படி இங்கேயும் உண்டு.

பிப் விஷயத்தில் ஒரு வார்த்தை

பைத்தான் நிரல்மொழி கற்கிறவர்கள் டெபியன் 12-இலோ உபுண்டு 24.04-இலோ, பைத்தான் லைப்ரரிகளை இறக்கும் பிப் கருவியைக் கொண்டு பிப் இன்ஸ்டால் கொடுத்தால், ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மெண்ட்’ என்று மறுப்பு வரும். பிப்பும் ஆப்ட்டும் ஒருவர் வைத்ததை மற்றவர் அறியாமல் மாற்றிவிடக்கூடியவர்கள். கணினியின் சொந்தக் கருவிகள் சிலவே பைத்தானில் எழுதியவை என்பதால், பிப் ஒரு லைப்ரரியை மாற்றிவைத்தால் அவை நின்றுபோகலாம். ஆகவே கதவைச் சாத்திவிட்டார்கள். --பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்று சேர்த்தால் கதவு திறக்கும். பெயரிலேயே என்ன ஆகும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், பிறகு குறை சொல்ல முடியாது.

ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை போட்டுக்கொள்வதே சரி. பைத்தான்3-வென்வ் பேக்கேஜை ஆப்ட்டில் போட்டுவிட்டு:

பைத்தான்3 -எம் வென்வ் என்-அறை

அந்த அடைவுக்குள் இருக்கும் பிப்பைக் கொண்டு எதை வேண்டுமானாலும் போடலாம். வேண்டாமென்றால் அடைவை அழித்தால் போதும். பைத்தானில் எழுதிய ஒரு கட்டளைக் கருவி மட்டும் வேண்டுமென்றால் பிப்எக்ஸ் இந்த அறையைத் தானே கட்டிக்கொடுக்கும்.

நேற்று என்ன மாறியது?

இன்று காலை ஒலி வரவில்லை, நேற்று வந்தது. இடையில் என்ன நடந்தது என்பதை ஆப்ட் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது:

லெஸ் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்

எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளையால், எது எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறியது, எது நீங்கியது என்று எல்லாம் இருக்கும். பழைய மாதங்கள் அதே அடைவில் சுருக்கிய கோப்புகளாக இருக்கும், அவற்றை இசட்லெஸ் கொண்டு படிக்கலாம். சந்தேகப்படும் பேக்கேஜின் பழைய பதிப்பு களஞ்சியத்தில் இன்னும் இருந்தால் (ஆப்ட் பாலிசி சொல்லும்), பெயரோடு சமக்குறி போட்டு அந்தப் பதிப்பைக் கேட்கலாம்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பேக்கேஜ்-பெயர்=பதிப்பு

சரியாகிவிட்டதென்றால், அடுத்த அப்கிரேடில் அது மறுபடி ஏறிவிடாமல் இருக்க ஆப்ட்-மார்க் ஹோல்ட் கொடுத்து நிறுத்தி வையுங்கள். திருத்தம் வந்ததும் ஆப்ட்-மார்க் அன்ஹோல்ட் கொடுக்க மறந்துவிட வேண்டாம். மறந்தால், சில மாதம் கழித்து வேறொன்றைப் போடும்போது அந்த ‘ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்’ செய்தி வரும், இந்த முறை உண்மையாகவே.